ஏட்டைக் கெடுத்தவன் யார்?

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. தமிழ் கற்பிக்கும் நாம் இதனை வகுப்பறையில் எத்தனையோ முறை எடுத்தாண்டிருக்கிறோம். மாணாக்கரும் கேட்டு நகைத்திருக்கின்றனர். எனினும் நின்று நோக்குமிடத்து இப்பழமொழி ஒரு தீர்ப்பாகவே அமைந்திருப்பதைக் காணலாம். கெட்டது ஏடு, கெடுத்தவன் எழுதினவன், வழக்கு முடிந்தது. அவன் எத்தகைய விளக்கொளியில் இருந்து எழுதினான், எத்தனை இரவு உறங்காது எழுதினான், அவன் முன்னிருந்த மூல ஏடு எந்நிலையில் இருந்தது, அவனுக்குக் கூலி கொடுத்தவர் யாவர் என்ற வினாக்களுக்கு இத்தீர்ப்பில் இடமில்லை. இன்று நம் வைத்தியசாலைகளில் நேரும் பிழைகளைப் பற்றி நாம் பேசும் முறையும் எழுதும் முறையும் இப்பழமொழியின் எல்லையைத் தாண்டவில்லை என்பதே ஈண்டு நாம் கூற விழைவது.

பிழை சிறிதன்று. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பின்படி, சிகிச்சை பெறுவோர் பத்துப்பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு அச்சிகிச்சையின்போதே தீங்கு நேர்கிறது. அவ்வாறு நேரும் தீங்குகளிற் பாதிக்கு மேற்பட்டவை தடுக்கக்கூடியவை. பாதுகாப்பற்ற சிகிச்சையால் ஆண்டுதோறும் உலகில் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாள்கின்றனர். 2019ஆம் ஆண்டு தொடக்கம் செப்டெம்பர் 17ஆம் நாள் நோயாளர் பாதுகாப்பு நாளாக உலகெங்கும் குறிக்கப்படுவது இதனாலேயே ஆகும். இத்தொகையை நோக்கி, உலகத்து மருத்துவரும் தாதியரும் கொடியவர் என்று முடிவுகட்ட முடியுமா? முடியாதாயின் காரணத்தை வேறிடத்திலேயே தேடவேண்டும்.

எங்கே தேடுவது என்பதைத் தமிழறிஞர்கள் முன்னரே காட்டியுள்ளனர். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றியபோது, ஏடெழுதினோரைத் திட்டிவிட்டு ஓய்ந்திருந்தால் அந்நூல் நமக்குக் கிடைத்திராது. பதிப்பாசிரியரின் வேலை ஏடுகளைத் தேடித் தொகுத்தல், ஒன்றோடொன்று ஒப்புநோக்கல், பிழை எங்கே எவ்வாறு புகுந்தது என்று காணல் என்பனவாம். அவ்வாறு கண்டவர்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பிழைகள் தாறுமாறாக நேர்வதில்லை. அவற்றுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. எழுத்தாணியாற் புள்ளி குத்தின் ஓலை கிழியும் என்றஞ்சி மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாது எழுதினர். எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நின்றன. ரகரமும் நெடிலைக் குறிக்கும் காலும் ஒன்றுபோலவே தோன்றின. எழுத்துமுறையே பிழைக்கு வழிவைத்திருந்ததாதலின், கவனமுள்ளவனும் ஒருநாள் வழுவவே செய்வான். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவத்தால் வேறுபடுத்தினார். அவர் எழுதுவோனைத் தண்டிக்கவில்லை, எழுத்தைத் திருத்தினார். எவன் எழுதினும் அவ்விடத்துப் பிழை நேராதவாறு செய்தார்.

வைத்தியசாலையில் ஒரு நோயாளியின் வரலாறு முழுவதும் ஏட்டிலேயே நடைபெறுகிறது. வார்ட்டிலே 'ரிக்கெற்' என்று வழங்கும் குறிப்பேட்டில் மருத்துவர் எழுதுகிறார். தாதி அதனைப் பார்த்து மருந்து கொடுக்கிறார். வீடு செல்லும்போது மற்றொருவர் அதிலிருந்து துண்டொன்றில் எடுத்தெழுதுகிறார். மருந்தகத்தில் வேறொருவர் அதனைப் படிக்கிறார். படியெடுத்துப் படியெடுத்து வந்த பண்டைய ஏட்டின் கதை இதுவன்றி வேறென்ன? பிழைகளும் அவ்வகையினவே. ஒன்று என்னும் அளவை ஒரு புள்ளியும் சுழியும் சேர்த்து எழுத, புள்ளி மங்கியபோது அது பத்தாகிறது. இன்சுலின் அளவைக் குறிக்கும் எண்ணுக்குப் பின் அலகைச் சுட்ட ஆங்கில 'யூ' எழுத்தை இட, அது சுழியாகத் தோன்றி நான்கு நாற்பதாகிறது. ஓலையிற் புள்ளி தவறினாற் பாடம் திரியும். இங்கே புள்ளி தவறினால் உயிர் போகும். ஆதலினாலேயே முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் சுழியும் இடாதே, அலகைச் சுருக்காது முழுச்சொல்லாக எழுது என்ற விதிகளை மருத்துவ உலகம் வகுத்திருக்கிறது. இவையும் எழுத்துச் சீர்திருத்தங்களே.

அரியாலையில் நாம் வாழும் ஒழுங்கையில் நிகழ்ந்த சிறு சம்பவமொன்றை இங்கு கூறலாம். ஒருநாள் மாலை அயல்வீட்டு ஆச்சியொருவர் இரண்டு மருந்துப் பைகளுடன் வந்தார். “மாஸ்டர், எனக்கு ஒரே தலைச்சுத்தாக் கிடக்கு. உதிலை என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ” என்றார். ஒரு பை அரசாங்கக் கிளினிக்கில் வாங்கியது. மற்றது, மகள் வற்புறுத்தியதால் 'சனல்' பண்ணித் தனியாரிடம் காட்டியபோது வாங்கியது. இரண்டிலும் நீரிழிவுக் குளிகைகள். ஒன்றிற் கிளிக்கிளசைட் என்ற மூலப்பெயர் இருந்தது. மற்றொன்றிற் கொட்டை எழுத்தில் ஒரு வணிகப்பெயர், அதன்கீழே எறும்பளவு எழுத்தில் அதே கிளிக்கிளசைட். ஒரே மருந்தை ஆச்சி இரண்டு பெயரில் இரட்டிப்பாக உட்கொண்டு வந்திருக்கிறார்! இரத்தத்திற் சீனி மிகத் தாழ்ந்தால் மயக்கமும் மரணமும் நேரக்கூடும் என்பதை நாம் அறிந்திருந்தமையால், உடனே அவரைக் கிளினிக்குக்கு அனுப்பிவைத்தோம்.

இங்கே ஏட்டைக் கெடுத்தவன் யார்? முதல் மருத்துவர் எழுதியது சரி. இரண்டாமவர் எழுதியதும் சரி. மருந்து கொடுத்தோர் துண்டில் உள்ளபடியே கொடுத்தனர். ஆச்சியோ சொன்னபடி நாள் தவறாது விழுங்கினார். எவருமே தவறு செய்யவில்லை, தவறு நிகழ்ந்துவிட்டது. ஒருவர் எழுதியதை மற்றவர் காண வழியில்லை. உட்கொள்பவருக்கோ அதனைப் படிக்க முடியவில்லை. பிழை மனிதரிடத்து இருக்கவில்லை. மனிதருக்கும் மனிதருக்கும் இடையேயுள்ள வெளியில் இருந்தது. தனிமனிதரை மட்டுமே தேடும் கண்ணுக்கு அவ்வெளி புலப்படுவதில்லை.

நாம் எத்தகைய கண்ணால் நோக்குகிறோம்? 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தை உலுக்கிய செய்தியை வாசகர் மறந்திருக்கமாட்டார். காய்ச்சலென்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட எட்டு வயதுச் சிறுமியொருத்தியின் இடது கையின் ஒரு பகுதி அகற்றப்பட்டது. மருந்தேற்றுவதற்காகப் பொருத்தப்பட்ட 'கனுலா' என்னும் சிறு குழாயே விபரீதத்துக்குக் காரணமென்று பெற்றோர் முறையிட்டனர், விசாரணை தொடங்கிற்று, விடயம் நீதிமன்றம் சென்றது. அதன் தீர்ப்பை நாம் எழுதப்போவதில்லை. நாம் ஆராய்வது அச்செய்தியை நம் சமூகம் வாசித்த முறையையே.

வைத்தியசாலையைப் பற்றி நம்மிடம் இரண்டே கதைகள் உள்ளன. ஒன்று தெய்வக் கதை. அதில் மருத்துவர் கைராசிக்காரர். தொட்டால் நோய் பறக்கும். மற்றது அரக்கர் கதை. அதில் அவரோ தாதியோ இரக்கமற்ற கொலைகாரர். நம் சினிமாவும் தொடர்கதைகளும் இவ்விரு கதைகளையே மாறிமாறிச் சொல்லி வந்துள்ளன. செய்தித்தாளும் தெருப்பேச்சும் அவற்றையே பின்பற்றுகின்றன. இரண்டும் எதிரெதிரானவைபோலத் தோன்றினும் ஒரே கருத்தின் இரு பக்கங்களே. நன்மையும் தீமையும் தனிமனிதனின் குணத்திலிருந்து பிறக்கின்றன என்பதே அக்கருத்து. யதார்த்தவாதம் இலக்கியத்தில் எதனை எதிர்த்து எழுந்ததோ அதே கருத்து இது. மனிதனை அவன் வாழும் சூழலோடும் உழைக்கும் நிலைமைகளோடும் சேர்த்துக் காட்டாத கதை, எத்துணைக் கண்ணீரை வரவழைப்பினும் பொய்க்கதையே என்று கூறிவந்த நாம், வைத்தியசாலை வாசலில் நின்றவுடன் அப்பாடத்தை மறந்துவிடுகிறோம்.

கனுலாவையே எடுத்துக்கொள்வோம். அது நாளத்தினுள் இருத்தல்வேண்டும். இடம் தவறினாலோ, மருந்து வெளியே கசிந்தாலோ கை வீங்கும், நோகும், விரல்கள் குளிரும், நிறம் மாறும். இத்தவறு உலகின் எந்த வைத்தியசாலையிலும் நேரக்கூடியதே. நேர்ந்தபின் எவ்வளவு விரைவாகக் கண்டுகொள்ளப்படுகிறது என்பதிலேயே கை பிழைப்பதும் இழக்கப்படுவதும் பெரும்பாலும் தங்கியுள்ளது. கண்டுகொள்ள வேண்டுமாயின், குறித்த நேரத்துக்கொருமுறை பார்த்துக் குறிக்கும் ஒழுங்கு வேண்டும். அவ்வாறு பார்க்கத் தாதிக்கு அவகாசம் வேண்டும். அருகிலிருக்கும் தாய் “பிள்ளை கை நோகுது எண்டு அழுகிறாள்” என்று சொன்னால் அது செவியில் ஏறவேண்டும். ஒரு தாதியின் பொறுப்பில் எத்தனை கட்டில்கள்? அவர் எத்தனை மணிநேரமாக நிற்கிறார்? தாய் சொன்னதைக் குறித்துக்கொள்ள ரிக்கெற்றில் இடம் உண்டா? அந்தச் செய்தியைப் படித்துக் கொதித்த நம்முள் எத்தனைபேர் இவ்வினாக்களை எழுப்பினோம்?

வினாவை மாற்றியமைத்தால் விடை கிடைக்கும் என்பதற்கு மருத்துவ வரலாறே சான்று. 1847ஆம் ஆண்டு வியன்னா நகரின் பெரிய வைத்தியசாலையில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. மருத்துவ மாணவர் பயின்ற விடுதியில் தாய்மார் காய்ச்சலால் மாண்ட தொகை, மருத்துவிச்சிகள் பயின்ற விடுதியிலும் பன்மடங்கு அதிகமாயிருந்தது. செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் யார் கெட்டிக்காரர், யார் கைராசிக்காரர் என்று கேட்கவில்லை. நம் பதிப்பாசிரியர்கள் இரண்டு ஏடுகளை ஒப்புநோக்கியதுபோல இரண்டு விடுதிகளையும் ஒப்புநோக்கினார். மாணவர் பிணமறுக்கும் அறையிலிருந்து நேரே வந்து தாய்மாரைத் தொட்டனர் என்பதே வேறுபாடு. குளோரின் நீரிற் கைகழுவுமாறு விதித்தார். அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாயிருந்த மரணம் ஜூனில் ஏறக்குறைய இரண்டாயிற்று. ஆயினும், தம் கையே நஞ்சு சுமந்ததென்ற உண்மையை ஏற்கப் பெரியவர்கள் பலர் மறுத்தனர். அவர் 1865இல் மனநோய் விடுதியில் மாண்டார். தெய்வக் கதையை நம்பியவர்களுக்கு அவர் சொன்னது நிந்தனையாகவே கேட்டிருக்கவேண்டும்.

நம் காலத்து உதாரணமும் உண்டு. 2008ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் அறுவைச் சிகிச்சைக்கென ஒரே பக்கத்தில் அடங்கும் சரிபார்ப்புப் பட்டியலொன்றை வெளியிட்டது. நோயாளி யார், எப்பக்கத்தில் அறுப்பது, எம்மருந்து ஒவ்வாது, பஞ்சும் கருவிகளும் எண்ணிக்கை சரியா என்பவற்றை வாய்விட்டுக் கேட்டு உறுதிசெய்யும் பட்டியல் அது. அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்லவேண்டும் என்பதும் அதில் ஒன்று. புதுடில்லி, மணிலா, லண்டன், தன்சானியாவின் இஃபக்காரா உட்பட எட்டு நகரங்களிற் சோதித்தபோது மரணம் நூற்றுக்கு 1.5 இலிருந்து 0.8 ஆகக் குறைந்தமை 2009இல் வெளியாயிற்று. புதிய இயந்திரமோ புதிய மருந்தோ அன்று. ஒரு தாளும், பேசும் உரிமையுமே. பெயர் சொல்லிப் பழகிய இளந்தாதி, பெரிய மருத்துவர் தவறான பக்கத்திற் கத்தி வைக்கப்போகும்போது “நில்லுங்கள்” என்று சொல்லும் துணிவைப் பெறுகிறார். அதிகாரப் படிகள் அமைதியை வளர்க்கின்றன. அமைதி பிழையை வளர்க்கிறது.

பழிக்கு அஞ்சுமிடத்தில் உண்மை வெளிவராது என்பதை அரியாலை மக்களாகிய நாம் பட்டறிந்திருக்கிறோம். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் இங்கு நிகழ்ந்த ஆராதனையொன்றின்வழிக் கொரோனா நோய் பரவியபோது, அரியாலை என்னும் ஊர்ப்பெயரே ஒரு வசைபோல வழங்கிற்று. நோயைத் தேடுவதினும் குற்றவாளியைத் தேடுவதிலேயே பலருக்கு ஆர்வம் இருந்தது. குற்றவாளியைத் தேடும் கூட்டத்தின் முன்னால் எவர் தாமாக வந்து “எனக்கும் காய்ச்சல்” என்பார்? வைத்தியசாலையிலும் அவ்வாறே. மருந்து மாறிப்போனதை உடனே அறிவித்த தாதிக்கு இடமாற்றமும் அவமானமும், மறைத்தவருக்கு யாதொன்றுமில்லை என்றாயின், அடுத்த பிழையை எவரும் அறிவிக்கமாட்டார். அதே பிழை மறுநாள் வேறொரு கட்டிலில் நிகழும்.

இவ்விடத்தில் வாசகர் ஒரு தடையை எழுப்பக்கூடும். எல்லாம் அமைப்பின் குறையென்றால் குற்றவாளி எவனும் இல்லையா, கையிழந்த பிள்ளைக்கு நீதி எங்கே என்பர். நியாயமான தடையே. இதற்கும் ஏட்டியலிலிருந்தே விடை கூறுவோம். கைதவறி எழுதியது வேறு. வேண்டுமென்றே புகுத்திய இடைச்செருகல் வேறு. முன்னது பிழை, பின்னது மோசடி. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்தமுடியாதென அரசாங்கம் அறிவித்தபின், மருந்துத் தட்டுப்பாடு மிகுந்தது. மருத்துவர் பலர் நாட்டைவிட்டகன்றனர். அவசரத்தின் பெயரால் மருந்துக் கொள்வனவு விதிகள் தளர்த்தப்பட்டன. 2023இல் நுவரெலியாவில், கண் அறுவைச் சிகிச்சை பெற்றோர் பலருக்குக் கண்துளி மருந்தொன்றினாற் பார்வை பாதிக்கப்பட்டது. தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்துக் கொள்வனவு தொடர்பில், முன்னர் சுகாதார அமைச்சராயிருந்த கெஹெலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரி 2ஆம் நாள் கைதுசெய்யப்பட்டார். தீர்ப்பு நீதிமன்றத்துக்குரியது. ஆனால், இரவு முழுதும் நின்று களைத்த தாதியின் கைத்தவறையும் கேள்விப்பத்திரத்தில் நிகழும் சூதையும் ஒரே தராசில் நிறுக்கும் சமூகம், உண்மையில் பின்னவரையே காப்பாற்றுகிறது என்பதை நாம் உணர்தல்வேண்டும். அமைப்பை நோக்குதல் என்பது பொறுப்பைக் காற்றில் விடுதலன்று. அமைப்பை ஆக்கியவர் வரை பொறுப்பைக் கொண்டுசெல்லுதலாகும். தீங்குற்றவருக்கோ உண்மை, மன்னிப்பு, இழப்பீடு என்ற மூன்றும் உரியன, அவை சலுகையல்ல.

இனி, ஏட்டைப் படிப்போனைப் பற்றிப் பேசவேண்டும். வள்ளுவர் மருந்ததிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு பகுதியாக வகுத்தபோது நோயுற்றவனை முதலில் நிறுத்தினார். அருகிருந்து துணைசெய்வோனையும் மருத்துவனோடு ஒப்ப எண்ணினார். இன்றைய வைத்தியசாலையில் முதலாமவன் ஊமையாக நிற்கிறான். தன் உடலைப் பற்றி எழுதப்பட்ட ஏட்டை அவன் படிக்க இயலாது. அது ஆங்கிலத்தில், அதிலும் இலத்தீன் சுருக்கங்களில் உள்ளது. யாழ்ப்பாண மண்ணில் இதனை மாற்ற முயன்ற ஒருவர் இருந்தார். செம்மல்வைஸ் கைகழுவக் கற்பித்த அதே 1847இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் கிறீன் இங்கு வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அவர், 1864 தொடக்கம் தமிழிலேயே கற்பித்தார். மாணாக்கர் துணையோடு 'மனுஷ அங்காதிபாதம்', 'இரண வைத்தியம்' முதலாய நூல்களைத் தமிழில் அச்சேற்றினார். மதம் பரப்புதலும் அவர் நோக்கமாயிருந்தது என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. எனினும், மக்கள் மொழியிற் பேசாத மருத்துவம் மக்களிடம் வேரூன்றாது என்று அவர் கண்டது பேருண்மை. 1873இல் அவர் நாடு திரும்பியபின் அம்முயற்சி நிலைபெறவில்லை. ஆங்கிலம் உத்தியோகத்தின் திறவுகோலாயிருந்த நாட்டில் அது நிலைபெறாமை வியப்பன்று. சுதந்திரம் பெற்றும் தமிழ் அரசகரும மொழியாகியும், ஆச்சியின் மருந்துத் துண்டு இன்னும் ஆச்சிக்கு எழுதப்படவில்லை.

உயர்தர மருத்துவக் கல்வியை நாளையே தமிழாக்கவேண்டுமென்று நாம் வாதிடவில்லை. நாம் கேட்பவை எளியன. எம்மருந்து, எந்நோய்க்கு, எவ்வளவு, எப்போது என்பவை வீடு செல்லும் ஒவ்வொருவர் கையிலும் தெளிந்த தமிழில் இருக்கவேண்டும். மருந்தின் மூலப்பெயர் ஒவ்வொரு பையிலும் கொட்டை எழுத்தில் நிற்கவேண்டும். பிழையை அறிவிப்பவர் அஞ்சாது அறிவிக்க வழிவேண்டும். கட்டிலுக்கேற்ற தாதியர் வேண்டும். மருந்து வாங்கும் கணக்கு மக்கள் முன் விரிக்கப்படவேண்டும். இவற்றை வைத்தியசாலையின் பகைவராய் நின்று நாம் கேட்கவில்லை. 1987 ஒக்டோபர் 21ஆம் நாள் யாழ்ப்பாணம் வைத்தியசாலையினுள் இந்தியப் படையினராற் சுட்டுக்கொல்லப்பட்ட அறுபதுக்கு மேற்பட்டோருள் நோயாளரோடு மருத்துவரும் தாதியரும் ஊழியரும் இருந்தனர். கடமையை விட்டகலாது நின்று மாண்டவர்கள் அவர்கள். பணமின்றி எவரும் நுழையக்கூடிய அவ்வாசல் ஏழைகளின் சொத்து. அதனைக் குறைகூறித் தனியாருக்குக் கதவு திறக்க முனைவோரின் விமர்சனம் வேறு. அது நம்முடையதாகையால் திருந்தவேண்டும் என்னும் நம் விமர்சனம் வேறு.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வீட்டிலே அப்புவின் கிளினிக் கொப்பியைப் படித்துச் சொல்பவர் பெரும்பாலும் நம் வகுப்பில் இருக்கும் மாணாக்கரே. அவர்களுக்குப் பாடபேதம் கற்பிக்கும்போது இன்னொன்றையும் கற்பிப்போம். ஓர் ஏடு கெட்டிருப்பின், கெடுத்தவன் யாரென்று கேட்குமுன், அது எவ்வாறு கெட்டது என்று கேட்கப் பழக்குவோம். மருந்துத் துண்டைக் கையில் வாங்கியவுடன் “இது என்ன மருந்து, எதற்கு?” என்று வைத்தியசாலை யன்னலருகே நின்று கேட்கவும் பழக்குவோம். அவ்வினாவைக் கேட்க அஞ்சாத ஒரு தலைமுறை எழுமாயின், அதற்கு விடைசொல்லும் வைத்தியசாலையும் உருவாகியே தீரும்.